கால்வட்டக் கத்தி

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்குப் பூசை போடுவார்கள். அன்று பிடிக்கும் வேகம் ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்வரை குறையாது. முன்கூடத்தில் ஆப்செட் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்க, பைண்டிங் நடக்கும் பின்கட்டில் வேறொரு சத்தம் கேட்கும். டக், டக், டக், டக். நான்கு முறை. ஒரு கட்டை எடுத்து வைத்துவிட்டு அடுத்த கட்டைத் தூக்கும் நேரம் மட்டும் மௌனம். மறுபடி நான்கு.

தாளின் மூலையை வளைத்து வெட்டும் இயந்திரம் அது. தொழிலில் இருப்பவர்களுக்குக் ‘கார்னர் கட்டிங் மெஷின்’. மேசைமேல் வைத்து இயக்கும் சிறிய வகை, தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி அளவுக்குத்தான் இருக்கும். அதன் அடியில் குவிந்து கிடப்பதை ஒரு கை அள்ளிப் பார்த்தால் யாரோ நகம் வெட்டிப் போட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கம் நேர்கோடு. மூன்றாவது பக்கம் உள்வாங்கிய வளைவு.

வளைவின் ஆரம் 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டின் பரப்பைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். 6 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 36 சதுர மி.மீ. அதற்குள் அடங்கும் கால்வட்டம் 28.27. மிச்சம் 7.73. பச்சரிசி ஒன்றை வைத்தால் மூடிவிடும் அளவு. இவ்வளவு சிறிய துண்டைக் கழிப்பதற்கென்று தனி இயந்திரம், தனிக் கத்தி, தனி ஆள். அந்தச் செலவுக்குக் காரணம் தாளின் நுனியில் இருக்கிறது.

நுனியில் என்ன நடக்கிறது?

பள்ளிக்கூடப் பையில் ஒரு பருவம் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தால், நடுப்பக்கங்கள் புதிதாகவே இருக்கும். மூலைகள் மட்டும் சுருண்டு, மடிந்து, அழுக்கேறி இருக்கும். முழுத் தாளும் ஒரே கூழிலிருந்து, ஒரே இயந்திரத்தில் வந்ததுதான். ஆனாலும் மூலைதான் முதலில் தோற்கிறது.

காரணம் அகலம். ஒரு தாளின் மூலையை விரலால் மடக்கும்போது, மடிப்புக்கோடு விழும் இடத்தில் எவ்வளவு அகலத்துக்குத் தாள் இருக்கிறதோ அவ்வளவுதான் எதிர்ப்பு. கூர்மையான மூலையின் நுனியிலிருந்து 1 மி.மீ. உள்ளே தாளின் அகலம் வெறும் 2 மி.மீ. நுனியை நெருங்க நெருங்க அதுவும் குறைந்து சுழியாகிவிடும். சட்டைப்பையின் தையல், பக்கத்துப் புத்தகத்தின் ஓரம், ஒரு விரல் நகம், எதுவாக இருந்தாலும் அந்த நுனியைத் திருப்பிவிடப் போதும்.

மூலையை 6 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிட்டால் கணக்கு மாறுகிறது. வளைவின் உச்சியிலிருந்து அதே 1 மி.மீ. உள்ளே தாளின் அகலம் இப்போது 6.6 மி.மீ. மூன்று மடங்குக்கும் மேல். அதாவது மூலை வலுப்பெறவில்லை. தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாத பகுதி நீங்கிவிட்டது. மூலைவிட்டத்தின் வழியாக அளந்தால் நுனி பின்வாங்கியிருப்பது 2.5 மி.மீ. மட்டுமே.

தாளின் தடிமனுக்கும் இதில் பங்குண்டு. ஒரு தகட்டின் வளையாத் தன்மை அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்து ஏறும். தடிமன் இரட்டித்தால் வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். அதனால்தான் மெல்லிய நோட்டுத் தாள் சுருள்கிறது, தடித்த அட்டை சுருளுவதில்லை. ஆனால் அட்டைக்கு வேறு நோய். கீழே விழும்போது முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்குவதால் நுனி நசுங்கி, அடுக்கடுக்காகப் பிரியும். மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி லேமினேஷன் செய்திருந்தால், அந்தப் படலம் உரியத் தொடங்குவதும் பெரும்பாலும் மூலையிலிருந்துதான். வளைந்த மூலை தரையில் மோதும்போது ஒரு புள்ளியில் நிற்காமல் சிறு வில்லில் பரவுகிறது.

உள்மூலையும் வெளிமூலையும்

வளைந்த மூலை என்றதும் விமான ஜன்னல் கதையைச் சொல்வது வழக்கம். 1954 ஜனவரி 10 அன்று பிரிட்டனின் காமெட் ஜெட் விமானம் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே சிதறி 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று நேபிள்ஸ் அருகே இன்னொன்று. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படுவதுபோல் அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உடல் கிழிந்தது. கடலிலிருந்து மீட்ட பாகங்களும் அதையே காட்டின. கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலையருகே விரிசல் பிறந்திருந்தது.

இதற்கான கணிதம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. தகட்டில் உள்ள துளைகளைச் சுற்றித் தகைவு எப்படிக் குவிகிறது என்று 1913இல் பிரிட்டிஷ் பொறியாளர் சார்ல்ஸ் இங்லிஸ் காட்டினார். இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும். துளை நீள்வட்டமாகி, இழுவைக்குக் குறுக்கே கூராகக் கூராக, அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் விமான ஜன்னலின் மூலையும் விசிட்டிங் கார்டின் மூலையும் ஒன்றல்ல. ஜன்னலில் இருப்பது உள்மூலை. விசை ஓடிவரும் வழியில் அது குறுக்கே நிற்பதால், சுற்றிப்போக வேண்டிய விசையெல்லாம் அங்கே நெருக்கியடிக்கிறது. கார்டில் இருப்பது வெளிமூலை. தாளை இருபுறமும் பிடித்து இழுத்தால் அந்த நுனிக்கு ஏறக்குறைய எந்த விசையும் போய்ச் சேராது. ஊருக்கு வெளியே உள்ள வீட்டுக்குத் தேரோட்டம் வராததுபோல. வெளிமூலை இழுபட்டுக் கிழிவதில்லை. ஆதரவில்லாமல் மடிந்தும் நசுங்கியும்தான் கெடுகிறது.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இயந்திரத்தைச் சரியாகப் பொருத்தாதபோது தாளில் என்ன கோளாறு வருகிறது என்பது பின்னால் தானாக விளங்கிவிடும்.

வட்டச் சீட்டிலிருந்து துளை அட்டைவரை

மூலைப் பிரச்சினைக்கு இந்தியாவில் பழைய தீர்வு ஒன்று இருந்தது. கஞ்சிஃபா சீட்டுகள். பாபர் தம் நினைவுக் குறிப்புகளில், 1527இல் சிந்துவை ஆண்ட ஷா ஹசனுக்கு இந்தச் சீட்டுகளை அனுப்பியதைப் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் மைசூர், சாவந்த்வாடி, பிஷ்ணுபூர் எனப் பல ஊர்களில் கையால் வரைந்து செய்யப்பட்ட கஞ்சிஃபாக்கள் பெரும்பாலும் வட்ட வடிவில் இருந்தன. வட்டத்துக்கு மூலையே இல்லை.

ஐரோப்பியச் சீட்டுகள் நீள்சதுரமாக, கூர்மூலையுடன் இருந்தன. சீட்டாட்டத்தில் மூலை மடிந்தால் அது அழகுக் குறைவோடு முடிவதில்லை. பின்பக்கத்தைப் பார்த்தே சீட்டை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் ஆட்டமே கெட்டது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வளைந்த மூலைச் சீட்டுகள் பரவின.

ஏறக்குறைய அதே காலத்தில் புகைப்படத்திலும் இது நடந்தது. 1854இல் பாரிசில் புகைப்படக்காரர் டிஸ்டெரி காப்புரிமை பெற்ற ‘கார்த் த விசித்’ படங்கள், விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டப்பட்டு உலகமெங்கும் போயின. அவற்றை ஆல்பத்தின் துளைப்பைக்குள் செருகி எடுக்கும்போது கூர்மூலைகள் சிக்கி மடிந்தன. 1870களில் வளைந்த மூலை அட்டைகள் வழக்கத்துக்கு வந்தன. பழைய குடும்பப் படம் ஒன்று எந்தக் காலத்தது என்று கணிக்கும் வரலாற்றாய்வாளர்கள் இன்றும் பார்க்கும் தடயங்களில் ஒன்று அதன் மூலை.

இயந்திரங்களே தாளைக் கையாளத் தொடங்கியபோது மூலையின் மதிப்பு இன்னும் கூடியது. ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த 80 பத்தித் துளை அட்டையின் தடிமன் 0.18 மி.மீ. 1959இல் வந்த 1401 கணினியோடு இணைந்த 1402 அட்டை வாசிப்பான் நிமிடத்துக்கு 800 அட்டைகளை விழுங்கும், நொடிக்குப் பதின்மூன்று. அந்த வேகத்தில் ஒரு மூலை மடிந்திருந்தால் போதும், அடுத்தடுத்து வரும் அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சிக்கும். 1960களில் அந்த அட்டைகளின் மூலைகள் வளைக்கப்பட்டன. ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அது வேறு காரணத்துக்கு. கட்டில் ஏதாவது அட்டை தலைகீழாகப் புகுந்திருந்தால் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

இன்று எல்லார் பையிலும் இருக்கும் ஏ.டி.எம். அட்டைக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு, 85.60 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். அந்தத் தரநிர்ணயம் மூலையையும் விட்டுவைக்கவில்லை. ஆரம் 3.18 மி.மீ. அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இயந்திரத்தின் உறுப்புகள்

கருவி வருவதற்கு முன்பு பைண்டர்கள் மூலையை உளியால் வளைத்தார்கள். கால்வட்ட வடிவில் வளைந்த உளியைத் தாள்கட்டின் மூலையில் நிறுத்தி, கீழே மரக்கட்டை வைத்து, சுத்தியலால் ஓர் அடி. இன்றைய இயந்திரம் அந்த உளியின் வம்சம்தான். உளியை நேராக இறக்க ஒரு தண்டும், தாளை ஒரே இடத்தில் நிறுத்தத் தடுப்புகளும் சேர்ந்தன.

தட்டையான மேசை. அதன்மேல் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கும் இரண்டு பக்கத் தடுப்புகள். இவற்றைக் ‘கைடு’ என்பார்கள். தடுப்புகள் சந்திக்கும் இடத்தில், கத்தியைக் கீழிருந்து எதிர்கொள்ளும் கீழ் டை. அதற்கு மேலே தண்டில் தொங்கும் கால்வட்டக் கத்தி. கத்திக்குச் சற்று முன்னால் தாள்கட்டை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். கத்தியை இறக்கக் கைப்பிடியோ கால்மிதியோ மோட்டாரோ காற்றழுத்த உருளையோ இருக்கும். வெட்டியபின் கத்தியை மேலே தூக்க ஸ்பிரிங்.

வெட்டும் முறை இரு வகை. ஒன்றில் மேல்கத்தி கீழ் டையின் ஓரத்தை உரசியும் உரசாமலும் கடந்து இறங்கும்; கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்போல. மற்றொன்றில் கத்தி நேராக ஒரு கடினப் பிளாஸ்டிக் அல்லது மரக்கட்டையின்மேல் வந்து முடியும். அரிவாள்மனையைவிட வெட்டுக்கத்தியும் பலகையும் இதற்குச் சரியான உவமை.

கைப்பிடி வகையில் ஆளின் பலம் எப்படிக் கூடுகிறது என்பது நெம்புகோல் விதி. கைப்பிடி 300 மி.மீ. நீளம், கத்தித்தண்டைத் தள்ளும் குறுங்கை 30 மி.மீ. என்றால் விசை பத்து மடங்காகும். கையால் 15 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கத்திக்குக் கிட்டுவது 150 கிலோ. 6 மி.மீ. ஆரக் கால்வட்டத்தின் வெட்டுநீளம் 9.4 மி.மீ. மட்டுமே என்பதால், இவ்வளவு விசையும் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் இறங்குகிறது.

பொருத்தும் வரிசை

ஆரம் மாறும்போதெல்லாம் கத்தியும் டையும் சோடியாக மாற வேண்டும். 6 மி.மீ. கத்திக்கு 6 மி.மீ. டைதான். மோட்டார் இயந்திரமென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொடுவார்கள். பழைய டை இருந்த குழியில் தாள்தூசி ஒரு கோது ஒட்டியிருந்தாலும் புதிய டை சாய்ந்து உட்காரும். அதனால் முதல் வேலை துடைப்பது.

கீழ் டையை வைத்து, போல்ட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மாட்டுகிறார்கள். மேல்கத்தியைத் தண்டில் பூட்டுகிறார்கள். பிறகு கைப்பிடியை மெல்ல, மிக மெல்ல இறக்கி, கத்தியை டைக்குள் இறங்கவிடுகிறார்கள். இன்னும் இறுக்காத டை, கத்தி எங்கே வருகிறதோ அதற்கேற்பத் தானே நகர்ந்து இடம்பிடித்துக்கொள்ளும். கத்தி டைக்குள் இருக்கும்போதே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். அதிலும் ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் டை அதனோடு சேர்ந்து கொஞ்சம் சுழன்றுவிடும். இதற்குக் கால்சுற்று, அதற்குக் கால்சுற்று என்று மாற்றி மாற்றித்தான் இறுக்குவார்கள்.

கத்திக்கும் டைக்கும் நடுவே உள்ள இடைவெளி வளைவு முழுக்கச் சமமாக இருக்கிறதா என்று பார்க்க அளவுகோல் எதுவும் வேண்டாம். ஒற்றை மெல்லிய தாள் போதும். கட்டாகத் தாள் இருக்கும்போது ஒன்றுக்கொன்று தாங்கி நின்று குறையை மறைத்துவிடும். தனித்தாள் மறைக்காது. இடைவெளி கூடுதலாக இருக்கும் பக்கத்தில் தாள் அறுபடாமல், கத்தியோடு மடிந்து உள்ளே போகும். கட்டையின்மேல் இறங்கும் வகையிலும் இதே சோதனைதான். கடைசித் தாள் அறுபட வேண்டும். கட்டையில் கத்தி ஆழமாகப் பதியக் கூடாது. பதிந்த பள்ளம் அடுத்த முறை அடித்தாளை உள்ளே இழுக்கும்.

கடைசியாகக் கைடுகள். தச்சரின் மூலைமட்டத்தை வைத்து இரண்டும் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து, வளைவுக்குச் சரியான தூரத்தில் நிறுத்த வேண்டும். வேலையின் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. வளைவு தவறாகப் போக வழியில்லை, அது கத்தியிலேயே அடித்து வைத்த வடிவம். அது தாளின் நேர் ஓரத்தில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் இயந்திரம் அறியாது.

அரை மில்லிமீட்டர்

நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் நல்ல கிளைச்சாலையில் திருப்பம் எங்கே தொடங்கியது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. நேர்கோடு வளைவாக மாறும் புள்ளியில் இரண்டின் திசையும் ஒன்றாக இருப்பதே காரணம். கணிதத்தில் நேர்கோடு வளைவைத் தொடுகோடாகச் சந்திக்கிறது என்பார்கள். தாளின் மூலையிலும் அதுவேதான் வேண்டும்.

கைடு முன்னால் தள்ளி நின்று, தாள் கத்திக்குள் அரை மில்லிமீட்டர் குறைவாகப் போகிறது என்று கொள்வோம். வளைவு தன் முழுத் திருப்பத்தையும் முடிப்பதற்கு முன்பே தாளின் ஓரம் வந்துவிடும். அங்கே இரண்டும் ஒரு கோணத்தில் முட்டிக்கொள்ளும். ஆரம் 6 மி.மீ. என்றால் அந்தக் கோணம் 23.6 பாகை. அரை மில்லிமீட்டர் பிழைக்கு இவ்வளவு பெரிய முறிவு.

கைடைத் திருத்திப் பிழையை 0.1 மி.மீ.க்குக் கொண்டுவந்தாலும் கோணம் 10.5 பாகையாகவே நிற்கும். பிழையை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தும் முறிவு பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியிருக்கிறது. தொடுகோட்டின் குணம் இது. முறிவுக்கோணம் பிழையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், கோணத்தைப் பாதியாக்க வேண்டுமானால் பிழையைக் கால்பங்காக்க வேண்டும். ஆரம் சிறுத்தால் நிலைமை இன்னும் மோசம். 3 மி.மீ. ஆரத்தில் அதே 0.1 மி.மீ. பிழை 14.8 பாகை முறிவைத் தரும். சின்ன வளைவு எளிது என்று நினைத்து இறங்குபவர்கள் அரைமணி நேரம் கைடோடு போராடுவது இதனால்தான்.

கைடு மறுபக்கம் தவறினால் கோளாறின் வடிவம் மாறும். தாள் தேவைக்கு மேல் உள்ளே போய்விட்டால், கத்தி முடியும் இடத்துக்கு அப்பால் ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு சிறு படி. விரலை ஓட்டினால் காதுபோல் தட்டுப்படும். அந்தப் படியின் அடியில் இருப்பது உள்மூலை. ஜன்னல் மூலையின் அதே சாதி. பலவீனமான வெளிமூலையைக் கழிக்க வந்த இயந்திரம், தாளுக்கு முன்பு இல்லாத ஓர் உள்மூலையைக் கொடுத்துவிட்டது. அட்டையைப் பைக்குள் செருகி எடுக்கும்போது அந்தக் காதில் ஏதாவது சிக்கினால் கிழிசல் அங்கிருந்துதான் போகும்.

சோதிக்க ஒரு பழைய உபாயம் உண்டு. மூலை வெட்டிய இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றைக் குப்புறத் திருப்பி மற்றதன்மேல் ஓரம் பொருந்த வைக்க வேண்டும். திருப்பும்போது இடது கைடின் பக்கம் வலதாகிவிடும் அல்லவா? இரண்டு கைடும் சம தூரத்தில் இருந்தால் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழும். இல்லையென்றால் ஒரு பக்கம் பிறைபோல் மீறித் தெரியும். அது சரியானபின், நகத்தை ஓரத்தில் வைத்து நேர்கோட்டிலிருந்து வளைவுக்கு இழுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தப்பும் முறிவு நகத்தில் தட்டும்.

இவ்வளவு செய்தும் மூலை ஒத்துவராவிட்டால் குற்றம் வேறிடத்தில் இருக்கலாம். பெரிய கட்டிங் மெஷினில் தாளே செங்கோணமாக வெட்டப்படாமல் வந்திருந்தால், நான்கு மூலையில் இரண்டு விரிகோணமாகவும் இரண்டு குறுங்கோணமாகவும் இருக்கும். எந்தக் கைடும் நான்கையும் திருப்திப்படுத்தாது.

கட்டு, காற்று, களிமண்

80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள் 500 கொண்ட ஒரு ரீம் ஏறத்தாழ 50 மி.மீ. உயரம். ஆக ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. கையால் இயக்கும் இயந்திரத்தில் 10 மி.மீ. கட்டு வைத்தால் 100 தாள், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு என்றால் 33 வாக்கில். இதற்கு மேல் ஏற்றலாம் என்று கை துறுதுறுக்கும். ஏற்றினால் கத்தி வெட்டுவதற்கு முன் அமுக்கும். மேல்தாள்கள் முன்னால் இழுபட்டு வளையும், அடித்தாள்கள் பின்னால் நிற்கும். கட்டின் மேலே ஓர் ஆரம், கீழே ஓர் ஆரம் என்று வந்து சேரும்.

கட்டை வைப்பதற்கு முன் விசிறிபோல் விரித்து உதறுவார்கள். லேமினேஷன் செய்த அட்டைகள் வறண்ட காற்றில் நிலைமின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உதறினால்தான் பிரியும். பிறகு மேசையில் இரு பக்கமும் தட்டி ஓரத்தை நேராக்குவார்கள். உள்ளே தங்கிய காற்றைக் கிளாம்ப் வெளியேற்றும். கட்டின் அடியிலும் மேலும் ஒரு கழிவட்டை வைப்பது நல்ல வழக்கம். கிளாம்பின் தழும்பும் கடைசித் தாளின் பிசிரும் அந்த அட்டையோடு போய்விடும்.

பிசிர் என்பது கத்தி மழுங்குவதற்கான முதல் அறிவிப்பு. தாள் மரக்கூழ் மட்டுமில்லை. வெண்மைக்கும் மழமழப்புக்கும் அதில் கால்சியம் கார்பனேட்டும் கயோலின் எனும் வெண்களிமண்ணும் சேர்க்கிறார்கள். ஆர்ட் பேப்பரில் இவை தனிப் பூச்சாகவே இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சியம் கார்பனேட் 3. கத்தி எஃகு அதைவிடக் கடினமானது. ஆனால் கனிமத்தோடு வரும் மணல்துகளின் கடினத்தன்மை 7. ஆயிரக்கணக்கான தாள்களை அறுக்கும் கத்தி, உண்மையில் மிக மெல்லிய உப்புத்தாளை ஆயிரக்கணக்கான முறை அறுக்கிறது.

இன்னொரு சிக்கல் நாரின் திசை. தாள் தயாராகும்போது ஓடும் கம்பிவலைமேல் கூழ் பரவுவதால், நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்ளும். நேர்க்கத்தி ஒரு தாளை வெட்டும்போது நாரை ஒரே கோணத்தில்தான் சந்திக்கிறது. கால்வட்டக் கத்திக்கு அந்த வசதி இல்லை. ஒரே இறக்கத்தில் 90 பாகை திரும்புவதால், வளைவின் ஒரு முனையில் நாரோடு இணையாகவும் மறுமுனையில் குறுக்காகவும் அறுக்கிறது. கூர் குறைந்த கத்தியில் பிசிர் வளைவு முழுவதும் ஒரே சீராக வராமல் ஒரு முனையில் முதலில் தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தைத்த டைரிக்கு மூலை வளைக்கும்போது நான்குக்குப் பதில் இரண்டுதான். முதுகுப்பக்கத்தை விட்டுவிட்டுத் திறக்கும் பக்கத்து மூலைகளை மட்டும் வெட்டுவார்கள். முதல் மூலையை அட்டை மேலே பார்க்க வெட்டினால், இரண்டாவதைச் சுழற்றி வைக்கும்போது திறக்கும் பக்கத்து ஓரம் எந்தக் கைடில் சாய்கிறது என்று கவனிக்க வேண்டும். தையலும் மடிப்பும் சேர்ந்த முதுகு தடித்திருப்பதால், டைரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கட்டு ஒரு பக்கம் சரியும். அதனால் குறைவாக, சில சமயம் ஒவ்வொன்றாகவே வெட்டுகிறார்கள்.

கழிவுத் துண்டுகளை அவ்வப்போது அகற்றாவிட்டால் டையின் வாயில் அவை குவிந்து அடுத்த கட்டின் அடித்தாளை மேலே தள்ளும். இதில்தான் விபத்தும் காத்திருக்கிறது. சிக்கிய துண்டை விரலால் கிண்டுவது இயல்பாக வரும் பழக்கம். கால்மிதி இயந்திரத்தில் கை உள்ளே இருக்கும்போது கால் தன் தாளத்தில் மிதித்துவிடும். கத்திக்கு முன்னால் உள்ள காப்புத்தகட்டைக் கழற்றாமலிருப்பதும், துண்டைத் தூரிகையாலோ குச்சியாலோ தள்ளுவதும், ஒருவர் தாள் வைக்க இன்னொருவர் மிதிப்பது என்ற பங்குவேலைக்குப் போகாமலிருப்பதும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

ஆயிரம் விசிட்டிங் கார்டு என்று ஒரு வேலை வந்தால், 33 வீதம் 31 கட்டு. கட்டுக்கு நான்கு மூலை. 124 முறை கத்தி இறங்கும். முடிந்தபின் அடியில் கிடக்கும் 4,000 துண்டுகளையும் கூட்டி நகைக்கடைத் தராசில் போட்டால் 9 கிராம் சொச்சம் வரும். 90 மி.மீ.க்கு 54 மி.மீ. அளவுள்ள அந்த 300 ஜி.எஸ்.எம். கார்டுகள் ஆறின் எடையைவிடச் சற்றே கூடுதல். கத்தியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தொட்டு, முனை மேலே படாமல் பழந்தாளில் சுற்றி டப்பாவில் வைக்கிறார்கள். அடுத்து நிற்கும் அடையாள அட்டை வேலைக்கு 3 மி.மீ. ஆரம். கைடின் போல்ட்டுகள் மறுபடி தளர்கின்றன.